படிப்பு விழிப்பூட்டிகள் (ஊவா மாகாணம்)

பரீட்சைக் காலத்தில் தூக்கத்தைத் தள்ளிப்போட மாணவர்கள் உட்கொள்ளும் பொருள்கள் படிப்பு விழிப்பூட்டிகள். மருத்துவர் சீட்டில்லாமல் வாங்கக்கூடாத மெதில்பெனிடேட் மாத்திரையும் இவற்றுள் அடங்கும். பதுளைத் தோட்டங்களில் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயங்களில் இரவில் ஊற்றும் வெறுந்தேத்தண்ணியும் அடங்கும்.

ஊவா மலைகள் கஃபீன் தரும் இரு செடிகளால் வாழ்ந்தவை. 1869இல் மடுல்சீமையில் தென்பட்ட இலைத்துரு நோய் கோப்பியை அழித்தது. அந்த இடத்தைத் தேயிலை பிடித்தது. உயர்ந்த தரங்கள் கொழும்பு ஏலத்துக்குப் போகின்றன. கொழுந்து பறிப்பவர் வீட்டில் கொதிப்பது பெரும்பாலும் டஸ்ட் எனப்படும் தூள். துகள் சிறியது என்பதால் சாயமும் கஃபீனும் விரைவாக இறங்கும்.

லயத்தின் பழைய காம்பரா, அதாவது அறை, பத்துக்குப் பன்னிரண்டு அடி. பக்கத்துக் காம்பராவின் தொலைக்காட்சி ஓய்ந்த பிறகுதான் உயர்தரம் படிக்கும் பிள்ளைக்குப் பாடம் ஓடும். விடிந்தால் வேலை பிரித்துக் கொடுக்கும் பிரட்டுக்களத்துக்குப் போகவேண்டிய அம்மா, படுக்குமுன் சாயத்தைக் கட்டியாக ஊற்றி, தொட்டுக்கொள்ளச் சீனியும் வைத்துவிடுவார். ஒரு கோப்பையில் ஏறத்தாழ 30 முதல் 50 மில்லிகிராம் கஃபீன். உடலில் அது பாதியாகக் குறையச் சுமார் ஐந்து மணி நேரமாகும். பத்து மணிக்குக் குடித்தது மூன்று மணிக்கும் பாதி மிச்சமிருக்கும். படித்ததை மூளை உறுதியாகப் பதித்துக்கொள்ளத் தூக்கம் தேவை என்பதால் இந்தக் கணக்கு பலருக்கு நட்டத்தில் முடிகிறது.

மாத்திரைகளின் கதை வேறு. 1930களிலேயே அமெரிக்க மாணவர்கள் பென்செட்ரின் என்ற அம்பெட்டமைன் மாத்திரையை விழுங்கிப் படித்தார்கள். மெதில்பெனிடேட்டை 1944இல் சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவனத்தில் லியாண்ட்ரோ பனிசோன் உருவாக்கினார். ரிட்டலின் என்ற வணிகப்பெயர் அவர் மனைவி ரீட்டாவால் வந்தது. கவனக்குறைவும் மிகைத் துடிப்பும் உள்ள பிள்ளைகளுக்கு இது உண்மையான மருந்து. மூளையில் டோபமின், நோரட்ரினலின் ஆகியவை மீள உறிஞ்சப்படுவதை இது தடுக்கிறது. குறைபாடு இல்லாதவருக்கு முனைப்பு கூடும், அறிவு கூடாது. 2023இல் வெளியான மெல்பர்ன் ஆய்வொன்றில் நலமான 40 பேர் மாத்திரை உட்கொண்டு கடினமான கணக்குகளைச் செய்தனர். உழைப்பு கூடியது, உழைப்பின் தரம் குறைந்தது. படபடப்பு, இரத்த அழுத்த உயர்வு, உறக்கமின்மை, பழக்க அடிமைத்தனம் ஆகியவை உடன்வருபவை.

விஞ்ஞான, கணித ஆசிரியர் பற்றாக்குறையால் பின்தங்கும் தோட்டப் பாடசாலை மாணவருக்கு, பதுளையிலேயே 2005இல் நிறுவப்பட்ட ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகமும் தொலைவுதான். அந்தத் தொலைவை எந்த மாத்திரையும் குறைக்காது.

மருந்தகத்துக்கு வெளியே கைமாறும் மாத்திரையில் என்ன இருக்கிறது என்பதை விழுங்குபவர் அறிய வழியில்லை. ‘ஐஸ்’ எனப்படும் மெத்தம்பெட்டமைனும் பென்செட்ரினும் ஒரே குடும்பம். 2022ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தத்தின்படி இலங்கையில் ஐஸ் ஐந்து கிராமோ அதற்கு மேலோ வைத்திருந்தால் மரண தண்டனை அல்லது ஆயுள் சிறை.