அகராதிக்குள் ஒரு காடு

ஆற்காடு என்னும் பெயருக்கு ஆறு காடுகள் என்றும், ஆத்தி மரக் காடு என்றும் இருவேறு விளக்கங்கள் சொல்லப்படுகின்றன. எது சரி என்று என் வகுப்பில் ஆண்டுதோறும் ஒரு சண்டை நடக்கும். எதுவாயினும், இன்று கலவையிலிருந்து ஆற்காட்டுக்குப் பேருந்தில் செல்பவர் கண்ணில் காடு படாது. பெயரில் மட்டும் அது ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆனால் ஒரு சொல்லின் பொருளே காட்டைக் காத்த கதையும் நம் சட்ட வரலாற்றில் உண்டு.

சென்னை மாகாணத்துக்கு வனச்சட்டம் எளிதில் வந்துவிடவில்லை. காடுகளின் மீது ஊராருக்குப் பழைய உரிமைகள் உண்டு என்று வருவாய் வாரியமே வாதிட்டது. 1878ஆம் ஆண்டின் இந்திய வனச்சட்டம் இங்கே நடைமுறைக்கு வரவில்லை. பிராண்டிஸ் நேரில் வந்து ஆராய்ந்ததை ஒட்டியே 1882இல் சென்னை வனச்சட்டம் பிறந்தது. நான்காம் பிரிவின்படி அறிவிக்கை, பிறகு உரிமை கோருவதற்குக் கெடு, விசாரணை, முடிவில் பதினாறாம் பிரிவின்படி காப்புக்காடு. கெடுவுக்குள் கேளாதவரின் உரிமை போயிற்று. எழுதப் படிக்கத் தெரியாத மலைவாசிகளில் எத்தனை பேர் கேட்டிருப்பார்கள்? அன்று காப்பது என்றால் அரசின் தேவைக்காகக் காப்பது என்றே பொருள். ரயில் பாதைக்குக் கட்டை வேண்டும், நகரங்களுக்கு விறகு வேண்டும். நம் பக்கத்துத் தோல் பதனிடுவோருக்கு ஆவாரம்பட்டை வேண்டும்.

சுதந்திரத்துக்குப் பின் மாநிலங்கள் அணைக்கும் சுரங்கத்துக்கும் காட்டைத் தாராளமாகக் கொடுத்தன. 1980ஆம் ஆண்டின் வனப் பாதுகாப்புச் சட்டம் அதற்குக் கடிவாளம் இட்டது. மத்திய அரசின் முன் அனுமதியின்றிக் காட்டு நிலத்தை வேறு பயனுக்கு மாற்ற இயலாது. சாலையும் அதில் அடங்கும். விந்தை என்னவென்றால், காடு எது என்று அச்சட்டம் சொல்லவில்லை. காப்புக்காடு மட்டுமே காடு என்று கொண்டு மற்ற இடங்களில் கோடரி விழுந்தது.

கூடலூரில் மரங்கள் வெட்டப்படுவதை எதிர்த்து நிலம்பூர் கோவிலகத்தைச் சேர்ந்த கோதவர்மன் திருமுல்பாடு 1995இல் உச்சநீதிமன்றம் சென்றார். 1996 டிசம்பர் 12 அன்று வந்த ஆணை, காடு என்பதற்கு அகராதிப் பொருளையே கொள்ள வேண்டும், நிலம் யாருடையது என்பது பொருட்டல்ல என்றது. அதே ஆண்டு ஆகஸ்ட் 28 அன்றுதான் பாலாற்றுப் படுகையின் தோல் கழிவு வழக்கிலும் தீர்ப்பு வந்தது. அந்தத் தீர்ப்பை நம் ஊர்களில் அறியாதவர் இல்லை. டிசம்பர் ஆணையை அறிந்தவர் சிலரே.

2023ஆம் ஆண்டின் திருத்தம் அந்த அகராதிப் பொருளைச் சுருக்க முயன்றது. 2024 பிப்ரவரியில் உச்சநீதிமன்றம் பழைய பொருளையே இப்போதைக்குத் தொடரச் சொல்லி இடைக்கால ஆணை இட்டது. அமெரிக்காவிலும் இதே இழுபறிதான். ஏறத்தாழ 5.85 கோடி ஏக்கர் தேசிய வனநிலத்தில் புதுச்சாலையும் மரவெட்டும் கூடாது என்ற 2001ஆம் ஆண்டின் விதியை விலக்கிக்கொள்ளும் முயற்சி 2025இல் தொடங்கியது.

ஆனால் அங்கே சாலையற்ற வனத்தில் பெரும்பாலும் ஊர் இல்லை. இங்கே இருக்கிறது. 2023 மே மாதம் அணைக்கட்டு வட்டாரத்து அல்லேரி மலையில் பாம்பு தீண்டிய ஒன்றரை வயதுக் குழந்தை, மருத்துவமனை சேருமுன் இறந்தது. சாலை இல்லாததால் உடலை ஏற்றிவந்த வண்டி பாதி வழியில் நின்றுவிட, தாய் அதைச் சுமந்தே மலையேறினாள். அகராதிப் பொருளை மெச்சி எழுதிக்கொண்டிருந்த எனக்கு அதற்குமேல் பேனா ஓடவில்லை.

இத்தனைக்கும் வழி இல்லாமலில்லை. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், கிராமசபை பரிந்துரைத்தால், ஒரு ஹெக்டேருக்குக் குறைந்த காட்டு நிலத்தை, ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டாமல், சாலை, பள்ளி முதலிய பதின்மூன்று வசதிகளுக்குத் தர இடம் தருகிறது. ஆனால் தமிழ்நாட்டில் இச்சட்டப்படி உரிமைப் பட்டா வழங்குவதே 2008இல் உயர்நீதிமன்ற ஆணையால் தடைபட்டு, 2016இல்தான் விடுபட்டது.

அந்தக் குழந்தையின் ஊர்ப்பெயர் அத்திமரத்துக்கொல்லை. கொல்லை என்றால் நம் பக்கத்தில் புன்செய்.