மச்சமும் தழும்பும் எழுதிய பதிவேடு

1860 அக்டோபரில் சென்னையிலிருந்து 'ட்ரூரோ' என்ற கப்பல் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குக் கிளம்பியது. கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளைக் கொண்டுபோன முதல் கப்பல் அதுதான். நவம்பர் 16ஆம் தேதி டர்பன் போய்ச் சேர்ந்தது. ராயபுரம் பக்கம் இன்றைக்கு நாம் பார்க்கிற துறைமுகம் அப்போது கிடையாது. கப்பல் கடலில் தள்ளி நிற்கும். மசூலா படகில்தான் ஆட்கள் போய் ஏற வேண்டும்.

அப்படிப் போனவர்களைப் பற்றிய பதிவேடுகள் இன்றும் இருக்கின்றன. எண், பெயர், தந்தை பெயர், வயது, சாதி, மாவட்டம், தாலுகா, கிராமம். கடைசியில் உடம்பில் உள்ள மச்சம், தழும்பு. மென்பொருள் வேலை பார்க்கிறவன் கண்ணுக்கு இது அப்பட்டமான ஒரு டேட்டாபேஸ். ஆளுக்கு ஒரு எண். பெயரை மாற்றிச் சொன்னாலும் தழும்பு காட்டிக்கொடுத்துவிடும். 1911 வரை சென்னையிலிருந்தும் கல்கத்தாவிலிருந்தும் போன 1,52,000க்கும் மேற்பட்டோர் இப்படி எண்ணாக மாறினார்கள்.

இந்தப் பட்டியல்கள் இப்போது இணையத்தில் கிடைக்கின்றன. கொள்ளுப்பேரன்கள் டர்பனில் உட்கார்ந்து பூர்வீகக் கிராமத்தைத் தேடுகிறார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் கூலியைக் கட்டுப்படுத்த எடுத்த தகவல், 160 வருஷம் கழித்து யார் வேண்டுமானாலும் படிக்கக் கிடைக்கிறது என்பதையும் கவனியுங்க. தகவலுக்கு அதை எடுத்தவரின் நோக்கத்தைவிட ஆயுள் அதிகம்.

இதை எதிர்த்துக் கேள்வி கேட்டவர்களும் அங்கேதான் வந்தார்கள். நேட்டாலுக்குப் பக்கத்து டிரான்ஸ்வாலில், ஆசியர்கள் பத்து விரல் ரேகையும் கொடுத்துப் பதிவு செய்ய வேண்டும், போலீஸ் கேட்டால் சான்றிதழைக் காட்ட வேண்டும் என்று சட்டம் வந்தது. 1906 செப்டம்பர் 11இல் ஜோகன்னஸ்பர்க்கில் கூடிய இந்தியர்கள் இதற்குப் பணிய மாட்டோம் என்று உறுதி எடுத்தார்கள். சத்தியாகிரகம் தொடங்கியது இங்கேதான். தம்பி நாயுடு உள்படத் தமிழர்கள் நிறையப் பேர் ஜெயிலுக்குப் போனார்கள்.

1908 ஜனவரியில் ஒரு சமரசம். தாங்களாகவே முன்வந்து பதிவு செய்துகொண்டால் சட்டம் ரத்தாகும் என்று நம்பி காந்தியும் மற்றவர்களும் ரேகை கொடுத்தார்கள். சட்டம் ரத்தாகவில்லை. ஆகஸ்ட் 16ஆம் தேதி ஹமீதியா மசூதி மைதானத்தில் ஒரு பெரிய கொப்பரையில் 2,000க்கும் அதிகமான சான்றிதழ்களைப் போட்டு எரித்தார்கள்.

கட்டாயப்படுத்தி வாங்குவது வேறு, நம்பிக் கொடுப்பது வேறு. நம்பிக்கை உடைந்தால் கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறலாம். இந்தியாவில் 2023இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இதைத்தான் சொல்கிறது: என்ன நோக்கத்துக்கு என்று சொல்லித்தான் தகவலைக் கேட்க வேண்டும்; சம்மதத்தைத் திரும்பப் பெறுவதும், கொடுத்த அளவுக்கே சுலபமாக இருக்க வேண்டும். அதற்கு முன்பே, 2017 ஆகஸ்ட் 24இல், அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகத் தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள்.

ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. அந்தக் கொப்பரையில் எரிந்தது கையிலிருந்த காகிதம். கொடுத்த ரேகையை எரிக்க முடியாது.

சரி, இதுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்? எண்ணூர், திருவொற்றியூர் பக்கம் ஒப்பந்த வேலைக்குப் போகிறவர் ஆதாரைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார். அந்தப் படம் எத்தனை போனுக்குப் போகும் என்று அவருக்குத் தெரியாது. பாஸ்வேர்டு போனால் மாற்றிக்கொள்ளலாம். கைரேகையை மாற்ற முடியுமா?

அதனால் கொடுப்பதற்கு முன்னாடியே கேளுங்க: எதுக்கு, யார் வைத்துக்கொள்வார்கள், எப்போது அழிப்பார்கள்? அடையாளம் காட்டினால் போதும் என்கிற இடத்தில், கடைசி நான்கு எண் மட்டும் தெரிகிற மறைக்கப்பட்ட ஆதாரைக் கொடுங்க. ஆதார் இணையதளத்திலேயே இறக்கிக்கொள்ளலாம். கைரேகையை அங்கேயே பூட்டி வைக்கவும் வசதி இருக்கிறது. ட்ரூரோவில் ஏறியவர்களுக்கு இந்தக் கேள்வியைக் கேட்கிற நிலைமை இல்லை. நமக்கு இருக்கிறது.