கட்டளை அதிகாரியின் மேசை



தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்குப் பெரட்டு என்ற சொல்லை விளக்க வேண்டியதில்லை. இருட்டுப் பிரியுமுன் தொழிலாளர்கள் வரிசையாக நிற்க, கிராணியார் பேர் கூப்பிட்டு வேலை பிரித்துக் கொடுத்த இடம் பெரட்டுக்களம். அது 'பரேட்' என்னும் படைச் சொல்லின் மரூஉ. நாம் குடியிருந்த லயமும் அவ்வாறே வந்தது. சிப்பாய்கள் தங்கிய நீண்ட கொட்டில்களை வெள்ளைக்காரர்கள் 'லைன்' என்றனர். அதே பெயர் தோட்டத்து வீட்டு வரிசைக்கும் ஏறிக்கொண்டது. எங்கள் புக்கிட் பெலிம்பிங் வட்டாரத்தில் ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது. பெரட்டும் லயமும் பேச்சில் மட்டும் நிற்கின்றன. இருந்தாலும் இராணுவத்தின் ஒழுங்குமுறையைப் பற்றிப் பேச உட்காரும்போது, இவ்விரு சொற்களே நமக்கு முதலில் நினைவுக்கு வருகின்றன.

சில ஆண்டுகளுக்கு முன் நம்மிடம் படித்த பையன் ஒருவன் இராணுவத்தில் சேர்ந்தான். தீபாவளி விடுப்பில் வந்தவன் நம்மைப் பார்க்க வீட்டுக்கு வந்தான். முந்தைய விடுப்பு முடிந்து பாளையம் திரும்பும்போது பேருந்தைத் தவறவிட்டு, நேரங்கழித்துப் போயிருக்கிறான். மறுநாளே கட்டளை அதிகாரியின் அறைக்குக் கூட்டிப்போனார்களாம். வாசலிலேயே தொப்பியையும் இடைவாரையும் கழற்றச் சொன்னார்கள். 'இடம், வலம்' என்று விரைநடை நடத்தி, மேசைக்கு முன் நிறுத்தினார்கள். குற்றத்தைப் படித்தார்கள். ஐந்து நிமிடத்தில் எல்லாம் முடிந்தது. ஏழு நாள் பாளையத்தை விட்டு வெளியே போகக்கூடாது என்பது தண்டனை.

"வக்கீல் கிடையாதா? ஜட்ஜு கிடையாதா?" என்று பக்கத்திலிருந்த அவன் தாயார் கேட்டார். நல்ல கேள்விதான். இன்றைய பேச்சு அதற்கு நம்மாலான விடை.

உலகத்திலுள்ள படைகள் பலவற்றில் தண்டனைக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, படைத்துறை நீதிமன்றம். பெரிய குற்றங்கள் அங்கே போகும். மற்றொன்று, அந்தப் பையன் நின்ற மேசை. நேரங்கழித்து வருதல், காவல் பணியில் அயர்தல், மேலதிகாரியிடம் மரியாதைக் குறைவாகப் பேசுதல் முதலியவற்றை அந்தப் பிரிவின் கட்டளை அதிகாரியே விசாரித்துத் தண்டித்துவிடலாம். மலேசியாவில் இதற்கு இடந்தருவது 1972ஆம் ஆண்டின் ஆயுதப் படைச் சட்டம். இந்தியாவில் 1950ஆம் ஆண்டு இராணுவச் சட்டத்தின் 80ஆம் பிரிவு. அப்பிரிவின்படி ஒரு சிப்பாயை 28 நாள்வரை படைக்காவலில் அடைக்கலாம், 28 நாள்வரை 'லைன்'களை விட்டு வெளியேறாதபடி நிறுத்தலாம், கூடுதல் காவல் வேலை கொடுக்கலாம், ஒரு மாதத்தில் 14 நாள் சம்பளம்வரை அபராதம் போடலாம், கண்டித்தும் அனுப்பலாம். சாட்சிகளைச் சிப்பாயின் எதிரிலேயே விசாரிக்க வேண்டும், அவர்களை அவன் குறுக்குக் கேள்வி கேட்கலாம், தன் பக்கச் சாட்சியையும் அழைக்கலாம் என்று 1954ஆம் ஆண்டின் இராணுவ விதிகள் சொல்கின்றன.

ஏன் இப்படி ஒரு வழி வேண்டும்? போர்முனையில் நீதிபதியைத் தேடிக்கொண்டு போக முடியாது என்பது ஒரு காரணம். சில்லறைத் தவறுக்கெல்லாம் நீதிமன்றம் ஏற்றினால், பையனின் பெயரில் ஆயுளுக்கும் ஒரு வடு விழும் என்பது இன்னொன்று. இரண்டும் நியாயமான காரணங்களே. ஆனால் குற்றஞ்சாட்டும் அமைப்பின் தலைவரே நீதிபதியாகவும் இருக்கும் மேசை அது. அந்த ஆபத்தை நம் மக்கள் விலை கொடுத்துத்தான் அறிந்தார்கள்.

வேலூருக்குப் போவோம். ஆண்டு 1806. சென்னைப் படையின் தலைமைத் தளபதி சர் ஜான் கிரடோக். ஆளுநர் வில்லியம் பெண்டிங். நெற்றியில் சமயக் குறி இடக்கூடாது, காதில் கடுக்கன் கூடாது, தாடி மழிக்க வேண்டும், புதிய வகைத் தலைப்பாகை அணிய வேண்டும் என்று ஆணைகள் பிறந்தன. அந்தத் தலைப்பாகையில் இருந்த தோல் சிப்பாய்களுக்கு அருவருப்பைத் தந்தது. மே மாதத் தொடக்கத்தில் வேலூரிலிருந்த ஒரு பட்டாளத்தார் அதை அணிய மறுத்தனர். 21 பேரைச் சென்னைக்கு அனுப்பி விசாரித்தார்கள். ஓர் இந்து, ஒரு முஸ்லிம், ஆக இருவருக்கு ஆளுக்கு 900 கசையடி. மற்ற 19 பேருக்கும் ஆளுக்கு 500 என்று தீர்ப்பாகி, அவர்கள் மன்னிப்புக் கேட்டதன்பேரில் விடப்பட்டனர். தொள்ளாயிரம் என்று வாயால் சொல்வது எளிது. வகுப்பில் பிள்ளைகளை ஒன்றிலிருந்து எண்ணச் சொன்னோம், இருநூறுக்குள் களைத்துவிட்டார்கள்.

இது நீதிமன்றம் ஏறிய தண்டனை. ஏறாதது அடுத்த மாதம் நடந்தது. நேயர்கள் இதைக் கொஞ்சம் ஊன்றிக் கேட்க வேண்டும். ஜூன் மாதத்தில் முஸ்தபா பேக் என்ற சிப்பாய் தம் ஆங்கில அதிகாரியிடம் போய், கிளர்ச்சி ஒன்று உருவாகிறது என்று எச்சரித்தார். அதிகாரி அந்தச் செய்தியை ஆராய்ந்து சொல்லும்படி இந்திய அதிகாரிகள் அடங்கிய ஒரு குழுவிடம் விட்டார். திட்டத்தில் பங்குள்ளவர்களே அந்தக் குழுவில் இருந்தார்கள்! இவன் பித்தன், இவன் பேச்சை நம்பவேண்டாம் என்று அவர்கள் சொல்ல, முஸ்தபா பேக் விலங்கு பூட்டி அடைக்கப்பட்டார். ஜூலை 10ஆம் நாள் விடியுமுன் வேலூர்க் கோட்டையில் துப்பாக்கிகள் வெடித்தன. ஆங்கிலேயத் தரப்பில் நூறு பேருக்கு மேல் மாண்டனர். விலங்கிலிருந்தவரை அதன் பிறகே விடுவித்து, வெகுமதியும் கொடுத்தார்கள். அவர் செய்தது நன்றா, இனத்துரோகமா என்று வாதிடுவோர் உண்டு. அந்த வழக்குக்குள் நாம் போகவில்லை. மேசைக்கு முன் வந்து நின்றவன் சொல்லைத் தாமே விசாரிக்காமல் பிறர் கையில் விட்டதன் பலனையே இங்குச் சொல்கிறோம்.

ஆர்க்காட்டிலிருந்து குதிரைப்படையோடு விரைந்து வந்த கில்லெஸ்பி கோட்டையை மீட்டார். அரண்மனைக்குள் ஒளிந்திருந்த சிப்பாய்களில் ஏறத்தாழ நூறு பேரை வெளியே கொண்டுவந்து, சுவரோரம் நிறுத்தி, விசாரணை ஏதுமின்றிச் சுட்டுக் கொன்றார்கள். அன்று அங்கே நின்ற ஆங்கில அதிகாரி பிளாக்கிஸ்டன் பிற்காலத்தில் தாமே இதை எழுதிவைத்தார். இதை ஒழுங்குமுறை என்று எந்தச் சட்டப் புத்தகமும் சொல்லாது. பழிவாங்கல் என்பதே அதற்குப் பெயர்.

வேலூரின் காரணமாகக் கிரடோக்கும் பெண்டிங்கும் திருப்பி அழைக்கப்பட்டனர். அதே பெண்டிங் பின்னாளில் இந்தியாவின் தலைமை ஆளுநராகத் திரும்பிவந்து, 1835இல் இந்தியச் சிப்பாய்களுக்குக் கசையடி கிடையாது என்று ஆணையிட்டார். வேலூர் அவர் மனத்தில் கிடந்து உறுத்தியிருக்கும் என்பது நம் ஊகம். ஆதாரம் கேட்டால் தருவதற்கில்லை. 1831-32இல் மலாக்காவை அடுத்த நானிங் போருக்குக் கப்பலேறி வந்த சென்னைச் சிப்பாய்கள் இந்த விடுதலை வருமுன் வந்தவர்கள். ரப்பர் மரத்துக்கு முன்பே மலாயா மண்ணை மிதித்த தமிழர்களில் அவர்களும் அடங்குவர். பெண்டிங்கின் ஆணையும் நெடுநாள் நிற்கவில்லை. 1845இல் ஹார்டிங் காலத்தில் கசை திரும்பி வந்தது. இங்கிலாந்துச் சிப்பாய்க்கு அது 1881இலேயே ஒழிந்தது. இந்தியச் சிப்பாய்க்கோ 1920வரை நீடித்தது.

கசை போன இடத்தில் வேறொன்று முளைத்தது. முதல் உலகப் போரில் இங்கிலாந்துப் படையின் கட்டளை அதிகாரி, 'முதல் எண் களத் தண்டனை' என்று ஒன்றை 28 நாள்வரை விதிக்க முடியும். அதில் நாளொன்றுக்கு இரண்டு மணி நேரம்வரை ஆளைச் சக்கரத்திலோ கம்பத்திலோ கட்டிவைக்கலாம். 1923இல் அதையும் எடுத்துவிட்டார்கள்.

நம் தோட்டத்து மக்களைச் சேர்ந்த ஒரு படையும் உண்டு. 1943இல் நேதாஜி சிங்கப்பூர் வந்தபின், பால்மரத்தை விட்டு இந்திய தேசிய இராணுவத்துக்குப் போனவர்கள் ஆயிரக்கணக்கானோர். அப்படைக்கும் தனிச்சட்டம் இருந்தது. பெரும்பாலும் இந்திய இராணுவச் சட்டத்தைப் பார்த்து எழுதியதுதான். ஆனால் இந்தியப் படை 1920இல் கைவிட்ட சவுக்கு அதில் இடம்பெற்றது. செங்கோட்டையில் 1945 நவம்பரில் தொடங்கிய வழக்குகளில் இதுவும் பேசப்பட்டது. விடுதலைக்காகத் திரண்ட படையில் சவுக்கா என்று நம் மனம் சங்கடப்படத்தான் செய்கிறது. பெருமையோடு சேர்த்து அதையும் பிள்ளைகளுக்குச் சொல்லியே தீரவேண்டும்.

1857க்குப் பிறகு இந்தியப் படையில் இன்னொரு முறை வேரூன்றியது. சுருக்கப் படைமன்றம் என்று அதைச் சொல்லலாம். பெயர்தான் மன்றம், கட்டளை அதிகாரி ஒருவரே மன்றம் முழுவதும். இன்னும் இருவர் உடனிருப்பார்கள், தீர்ப்பில் அவர்களுக்குப் பங்கில்லை. மேலிடத்து ஒப்புதலுக்குக் காத்திராமல் தண்டனையை உடனே நிறைவேற்றலாம். லெப்டினண்ட் கர்னலோ அதற்கு மேலோ ஆனவர் ஓராண்டுவரை சிறையிலிடலாம். வேலையிலிருந்து நீக்கவும் செய்யலாம். 1950ஆம் ஆண்டுச் சட்டமும் இதை வைத்துக்கொண்டது.

இது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 1985இல் ஒரு வழக்கு. செய்தித் தொடர்புப் படைவீரர் ஒருவர், தம் அதிகாரி தம்மைக் கொடுமைப்படுத்துவதாக மேலதிகாரிகளுக்கு நேரடியாக மனு அனுப்பினார். முறைப்படி அனுப்பவில்லை என்று 28 நாள் காவல். தண்டித்தவர் யார்? யார்மீது மனுவோ அவரேதான். காவலில் இருந்தபோது மே 29ஆம் நாள், 'உணவை உண்' என்ற கட்டளைக்கு வீரர் மறுத்தார். மறுநாளே சுருக்கப் படைமன்றம் கூடியது. அதே அதிகாரி அதில் அமர்ந்தார். ஓராண்டுக் கடுங்காவல், பணிநீக்கம். சோறு உண்ணாததற்கு! 1987 அக்டோபரில் இந்திய உச்ச நீதிமன்றம் இதைத் தள்ளுபடி செய்தது. பகைமை உள்ளவர் நீதிபதியாக இருக்க முடியாது, தண்டனையும் குற்றத்தின் அளவுக்குப் பொருந்தவில்லை என்று கூறி, அவரை மீண்டும் வேலையில் சேர்க்க உத்தரவிட்டது. இரண்டரை ஆண்டுகள் போய்விட்டன.

மற்ற நாடுகள் இந்த மேசைக்குப் பலவிதமாக வேலி கட்டியுள்ளன. அமெரிக்கச் சட்டத்தின் 15ஆம் விதிப்படி, கட்டளை அதிகாரியின் தண்டனை வேண்டாம், நீதிமன்றமே வேண்டும் என்று வீரர் கேட்கலாம். கப்பலில் இருப்பவருக்கு மட்டும் அவ்வுரிமை இல்லை. அந்தக் கப்பலில் மூன்று நாள் ரொட்டியும் தண்ணீரும் மட்டும் கொடுத்து அடைக்கும் பழைய வழக்கம் 2019 ஜனவரியில்தான் ஒழிந்தது.

எங்கள் கோல சிலாங்கூர் மலாவாத்தி குன்றின்மேல் ஒரு தட்டைக் கல் கிடக்கிறது. பழைய காலத்தில் துரோகிகளின் தலையை வெட்டிய இடம் என்று ஊரார் சொல்வர். சுற்றுலா போனால் பிள்ளைகள் முதலில் அந்தக் கல்லிடம் ஓடுவார்கள், பிறகு குரங்குகளிடம். அக்குன்றை 1784இல் பிடித்து ஆல்டிங்ஸ்பர்க் என்று பெயரிட்டவர்கள் டச்சுக்காரர்கள். மறு ஆண்டே சுல்தான் இப்ராகிம் அவர்களை விரட்டினார். அந்த டச்சுக்காரர்களின் நாட்டுக்கு எதிராக அதன் கட்டாயப் படைவீரர்கள் சிலர் தொடுத்த வழக்கில், 1976இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் தீர்ப்பு வழங்கியது. பாளையத்துக்குள் நடமாட விட்டு வெளியே போகாதே என்பது வேறு. அறைக்குள் பூட்டிவைப்பது வேறு. பூட்டிவைத்தால் அது சுதந்திரப் பறிப்பே என்று அந்நீதிமன்றம் பிரித்துக் காட்டியது.

செர்மனியின் விதி நமக்கு மிகவும் பிடித்தது. குற்றம் தெரியவந்தபின் ஓர் இரவு கழிந்தாலொழிய அதிகாரி தண்டனை விதிக்கக்கூடாது. அவர் தூங்கி எழுந்து வரவேண்டும்! மூன்று வாரம்வரை அடைத்துவைக்கும் தண்டனைக்கோ நீதிபதியின் சம்மதமும் வேண்டும்.

அந்தப் பையன் கதையை முடிக்கவில்லை. "தண்டனை எப்படியப்பா இருந்தது?" என்று கேட்டோம். "பரவாயில்லைங்க ஐயா. நீ சொல்வதற்கு ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார்கள். பஸ் போய்விட்டது என்றேன். எழுதிக்கொண்டார்கள்" என்றான். சற்றுப் பொறுத்து, "அஞ்சாம் வகுப்பில் வண்ணப் பென்சில் காணாமல் போனதே, ஐயாவுக்கு ஞாபகம் இருக்கிறதா? நான் எடுக்கவில்லை" என்றான்.

ஞாபகம் இருந்தது. பிரம்பும் இருந்தது. அவனை நாம் ஒன்றும் கேட்கவில்லை என்பதும் ஞாபகம் இருந்தது. அன்று அடித்தது தப்பு என்று அவன் தாயார் முன்னிலையில் சொன்னோம். அவன் சங்கடப்பட்டு, தேநீர்க் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மணியைப் பார்த்தான். இரவுக்குள் பாளையம் போய்ச் சேர வேண்டுமாம். தாயார் கட்டிக்கொடுத்த முறுக்குப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு, இந்த முறை ஒரு பேருந்து முன்னதாகவே கிளம்பினான்.