ஐம்பது ஓம் மூடி

நம் கல்லூரியில் தேர்வு என்றால் முதல் வேலை திருவந்திபுரம் போவதுதான். தேவநாதப் பெருமாளைச் சேவித்துவிட்டு, பக்கத்தில் ஔஷதகிரி ஏறி, ஹயக்ரீவர் சந்நிதியில் பேனாவையும் ஹால் டிக்கெட்டையும் வைத்து வாங்கி வருவோம். 1996-இல் கம்ப்யூட்டர் செய்முறைத் தேர்வன்று காலையில் நான் மலை ஏறியபோது, சட்டைப்பையில் பேனாவோடு வேறொன்றும் இருந்தது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

அப்போது நம் லேபில் பன்னிரண்டு கம்ப்யூட்டர்கள். எதிலும் ஹார்ட் டிஸ்க் கிடையாது. கண்ணாடித் தடுப்புக்குள் ஒரு சர்வர், அதில் நாவெல் நெட்வேர். ஒவ்வொரு கம்ப்யூட்டருக்குள்ளும் ஒரு நெட்வொர்க் கார்டு. ஒன்றிலிருந்து அடுத்ததற்குப் பூச்சரம் மாதிரி கறுப்பு கோஆக்சியல் கேபிள். நாங்கள் எழுதும் பாஸ்கல், சி புரோகிராம்கள் எல்லாம் சர்வரில்தான் சேரும். இருந்த ஒரே டாட் மேட்ரிக்ஸ் பிரின்டரில் பன்னிரண்டு பேரும் அடித்துக்கொள்ளலாம். இதற்குப் பெயர் ‘லேன்’ என்று சொல்லிக் கொடுத்தார்கள்.

லேன் வளர்ந்த கதையிலும் ஒரு பிரின்டர் உண்டு. அமெரிக்காவில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆராய்ச்சி மையத்தில் ஆளுக்கொரு கம்ப்யூட்டர் என்று முடிவாயிற்று. லேசர் பிரின்டர் மட்டும் எல்லோருக்கும் பொது. இவற்றை இணைக்கும் வழியை ராபர்ட் மெட்காஃப் 1973 மே 22 அன்று ஒரு குறிப்பாக எழுதினார். ‘ஈதர்நெட்’ என்ற பெயர் அதில்தான் வருகிறது. ஹவாய்த் தீவுகளை ரேடியோவால் இணைத்த அலோஹா நெட்வொர்க்கிலிருந்து அவர் எடுத்துக்கொண்டது நிறைய. டேவிட் பாக்ஸுடன் சேர்ந்து அவர் செய்து காட்டியதன் வேகம் வினாடிக்கு 2.94 மெகாபிட். 1980-இல் டிஜிட்டல், இன்டெல், ஜெராக்ஸ் மூன்றும் கூடி அதை 10 மெகாபிட்டாக்கின.

முகூர்த்த நாளில் திருவந்திபுரம் போனவர்களுக்கு ஈதர்நெட்டின் விதி சுலபமாகப் புரியும். அங்கே ஒரே நேரத்தில் எத்தனையோ கல்யாணம், எத்தனையோ மேளம். யாரும் யாருக்காகவும் நிறுத்துவதில்லை. ஈதர்நெட்டில் நிறுத்தியாக வேண்டும். கேபிளில் வேறு யாராவது பேசுகிறார்களா என்று முதலில் கவனிக்க வேண்டும். இரண்டு பேர் ஒன்றாகத் தொடங்கி மோதிக்கொண்டால், இருவரும் நிறுத்தி, குலுக்கல் போட்ட மாதிரி ஆளுக்கொரு நேரம் காத்திருந்து மறுபடி தொடங்க வேண்டும். நாட்டாமை என்று யாரும் கிடையாது.

நம் நாட்டில் 1986-இல் மத்திய அரசின் மின்னணுத் துறை, ஐ.நா. வளர்ச்சித் திட்ட உதவியுடன் ‘எர்நெட்’டைத் தொடங்கியது. முதலில் சேர்ந்த எட்டு இடங்களில் சென்னை ஐ.ஐ.டி.யும் ஒன்று. நம்மைப் போன்ற கல்லூரிகளுக்கு லேன் வந்து சேரப் பத்து வருஷம் ஆயிற்று. நம்முடையது மெல்லிய கேபிள் ரகம். ஒரு துண்டு 185 மீட்டரைத் தாண்டக்கூடாது, 30 கம்ப்யூட்டருக்கு மேல் மாட்டக்கூடாது, இரண்டு முனையிலும் 50 ஓம் டெர்மினேட்டர் இருக்க வேண்டும்.

அந்த டெர்மினேட்டரில் ஒன்றுதான் என் பையில் இருந்தது. ‘வெறும் மூடிதானே, வீட்டில் தம்பிக்குக் காட்டலாம்’ என்று முதல் நாள் சாயங்காலம் கழற்றியிருந்தேன்.

பத்து மணிக்குத் தேர்வு. ஒரு கம்ப்யூட்டரும் கிளம்பவில்லை. வெளியிலிருந்து வந்த தேர்வாளர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். லேப் அட்டெண்டர் அண்ணன் மேஜைகளுக்கு அடியில் தவழ்ந்து ஒவ்வொரு ஜாயிண்ட்டாக ஆட்டிப் பார்த்தார். கடைசி மேஜைக்கு அவர் வந்தபோது நானும் குனிந்து அதை நீட்டினேன்.

“மூடின்னு நெனச்சியா தம்பி? இது இல்லன்னா சிக்னல் முனையில முட்டித் திரும்பி வந்துடும். நாம பேசறதே நம்மகூட மோதும்.”

திருகி மாட்டிவிட்டு எழுந்தவர், “ஜாயிண்ட் லூஸ் சார், நான்தான் நேத்து பாக்காம விட்டுட்டேன்” என்றார். எல்லோர் முன்னாலும் திட்டு வாங்கினார். அதற்காக அவருக்கு மெமோவும் கொடுத்தார்கள் என்பது எனக்குத் தெரிந்ததே பல மாதம் கழித்துத்தான். நான் உட்கார்ந்து புரோகிராம் எழுதினேன், பாஸும் ஆனேன்.

இத்தனைக்கும் இந்தச் சங்கடத்துக்கு 1990-லேயே மாற்று வந்துவிட்டது. முறுக்குக் கம்பியும் ஹப்பும் வைத்த ஈதர்நெட்டுக்கு அந்த வருஷம் தரம் வகுத்தார்கள். ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் தனிக் கேபிள், எல்லாம் நடுவில் ஒரு பெட்டியில் சேரும். அதே வருஷம், இந்திய வம்சாவளியினரான வினோத் பரத்வாஜ் நிறுவனர்களில் ஒருவராக இருந்த ‘கல்பனா’ என்ற அமெரிக்க நிறுவனம், ஏழு போர்ட் கொண்ட ஈதர்நெட் சுவிட்சைக் கொண்டுவந்தது. யாருக்கு வந்த செய்தியோ அவருக்கு மட்டும் அனுப்புவதால் மோதலுக்கே வேலை குறைந்துபோயிற்று. 1994-இல் அந்த நிறுவனத்தை சிஸ்கோ வாங்கிக்கொண்டது.

இன்றைய மாணவர் எவராவது லேபில் ஒரு கேபிளைப் பிடுங்கினால் நிற்பது அவருடைய மெஷின் மட்டும்தான். பக்கத்து சீட்டுக்குக்கூடத் தெரியாது.

அண்ணன் ஓய்வு பெற்றுத் திருப்பாதிரிப்புலியூரில் இருக்கிறார். இந்த மலர் அவர் கைக்கும் போகும் என்று சொன்னார்கள். அன்று தேர்வாளரிடம் நான் சொல்லாமல் விட்டதை அதனால்தான் இங்கே எழுதினேன்.