இறுத்தல்

போன வாரம் கூட்டுறவு வங்கிக்கு நகையைத் திருப்பப் போயிருந்தேன். காசாளர் பையின் அரக்கை உடைத்து, நூலில் தொங்கிய எண் சீட்டை ஒத்துப் பார்த்து, சங்கிலியை மறுபடி தராசில் வைத்தார். “கடன் அடைஞ்சிருச்சு சார், இங்க ஒரு கையெழுத்து” என்றார்.

நகையைத் திருப்புகிறோம், கடனை அடைக்கிறோம், கூரை ஓட்டையை அடைப்பதுபோல. வட்டியைக் கட்டுகிறோம். நேர்த்திக்கடன் என்றால் செலுத்துகிறோம். காலைக்கடனையோ கழிக்கிறோம்!

பழைய தமிழில் இந்த இடத்தில் புழங்கிய ஒரு வினை ‘இறு’. கடன் இறுத்தல், வரி இறுத்தல் என்பார்கள். இறுப்பது இறை, அதாவது வரி. வரி நீக்கி விட்ட நிலம் இறையிலி. முதலாம் இராசராசன் காலத்துத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில், ஊர்கள் கோயிலுக்கு அளக்க வேண்டிய நெல்லுக்குக் ‘காணிக்கடன்’ என்று பெயர். ‘ஆடவல்லான்’ என்ற மரக்காலால் அளந்தார்கள். அந்த ஊர்க்காரர் யாரும் கோயிலிடம் கைநீட்டி வாங்கி அது கடனாகவில்லை. செய்தே தீர வேண்டியது எதுவோ அது கடன். புறநானூற்றின் 312ஆம் பாட்டில் பொன்முடியார் தாய்க்கும் தந்தைக்கும் கொல்லனுக்கும் வேந்தனுக்கும் மகனுக்கும் பங்கிட்டுத் தரும் கடன்களிலும் வட்டி கிடையாது. வாங்கியதைத் திருப்புவது அந்தக் கடமைகளில் ஒன்று, அவ்வளவே. இன்று அந்த ஒன்றே சொல் முழுவதையும் பிடித்துக்கொண்டது.

‘இறு’ அடியோடு போய்விடவில்லை. “அமைச்சர் பதிலிறுத்தார்” என்று இன்றும் அச்சில் பார்க்கலாம். விடையிறுத்தல் என்பதும் இதே வினைதான். கேட்டவருக்குத் தர வேண்டியதைத் தந்தாயிற்று என்ற பொருள் உள்ளே இருக்கிறது. எழுதுகிறவர்கள் பலர் அதை ‘சொன்னார்’ என்பதற்குக் கொஞ்சம் மிடுக்கான மாற்று என்றே நினைக்கிறார்கள். எனக்கு அது ரசீதோடு வரும் பதில்.

பேச்சிலிருந்து இது கழன்றதற்கு ஒலியும் ஒரு காரணம் என்பது என் சந்தேகம். ‘இறு’வை நிகழ்காலத்தில் சொல்லிப் பாருங்கள்: இறுக்கிறேன். காதில் விழுவது கயிறும் முடிச்சும்தான். அந்தக் காசாளரிடம் “கடனை இறுக்க வந்திருக்கிறேன்” என்றிருந்தால், கண்ணாடியை இறக்கிவிட்டு ஒருமுறை ஏற இறங்கப் பார்த்திருப்பார்.