பரிசு பெற்ற ஆய்வில் கண்ட பிழை

வரலாறு என்றவுடன் அரசர்களையும் அவர்தம் போர்களையும் மட்டுமே எண்ணுதல் நம்மிடையே வழக்கமாகிவிட்டது. அறிவுத்துறைக்கும் வரலாறு உண்டு. எழுதி ஒப்படைத்து, பரிசும் பெற்றுவிட்ட ஓர் ஆய்வில் பின்னர்ப் பிழை கண்டறியப்பட்ட நிகழ்ச்சியொன்றை இம்மலரின் வாயிலாக நம் இளைஞர்கட்கு எடுத்துரைக்க விழைகிறோம்.

சுவீடன், நார்வே ஆகிய இரு நாடுகட்கும் மன்னராக விளங்கிய இரண்டாம் ஆஸ்கார் கணிதத்தில் ஈடுபாடு உடையவர். 1889 ஜனவரி 21-ஆம் நாள் வரவிருந்த தம் 60-ஆம் பிறந்தநாளையொட்டி, சிறந்த கணித ஆய்வுக்குப் பொற்பதக்கமும் 2500 கிரவுனும் வழங்கப்படும் என 1885-இல் அறிவிக்கச் செய்தார். போட்டியை முன்னின்று நடத்தியவர் ஸ்டாக்ஹோம் பேராசிரியர் மிட்டாக் லெஃப்லர். 'ஆக்டா மாத்தமாட்டிகா' என்னும் கணித ஏட்டின் ஆசிரியரும் அவரே. ஜெர்மனியின் வயர்ஸ்திராசும் பிரான்சின் எர்மித்தும் அவருடன் நடுவர்களாக அமர்ந்தனர்.

கட்டுரையில் எழுதியவர் பெயர் இருத்தல் கூடாது. முதுமொழியொன்றை அடையாளமாக எழுதி, பெயரை முத்திரையிட்ட உறையில் தனியே வைத்தல் வேண்டும் என்பது விதி. பெயரும் பிறப்பும் பாராது எழுத்தை மட்டும் பார்க்கும் முறையின் அருமையை, பொதுத்தேர்வில் பதிவெண்ணை மட்டுமே எழுதி வெற்றி கண்ட நம் பிள்ளைகள் நன்கு உணர்வர். பரிசு பெற்றவரோ விதியை மறந்து, கையொப்பமிட்ட கடிதமொன்றையும் மிட்டாக் லெஃப்லருக்கு விடுத்திருந்தார்!

அவர்தாம் பாரிஸ் பேராசிரியர் ஆன்ரி புவான்காரே. ஞாயிறு, பூமி, திங்கள் போன்று மூன்று பொருள்கள் ஒன்றையொன்று ஈர்க்கும்போது அவற்றின் இயக்கம் என்றென்றும் ஒரு வரம்புக்குள் அடங்கி நிற்குமா என்பது அவர் ஆராய்ந்த வினா. இச்சிக்கலின் எளிமையாக்கப்பட்ட ஒரு வடிவில், அடங்கி நிற்கும் என்று நிறுவிவிட்டதாக அவர் கருதினார். நடுவர்களும் ஏற்றனர்.

1889 கோடையில், அச்சுக்கு ஏற்ற வண்ணம் கட்டுரையைச் செம்மை செய்யும் பணி, 26 வயதும் நிரம்பாத எட்வர்டு பிராக்மேன் என்னும் இளைஞரிடம் இருந்தது. சில இடங்கள் அவர்க்கு விளங்கவில்லை. மூன்று பேரறிஞர்கள் ஒப்பிய கட்டுரை. நமக்குத்தான் புரியவில்லை போலும் என்று அவர் வாளா இருந்திருக்கலாம். அவ்வாறு இராமல் ஐயங்களைத் தெரிவித்தார். அவை மிட்டாக் லெஃப்லர் வழியே புவான்காரேயிடம் சென்றன. 'இதுகூடத் தெரியாதா' என்பார்களோ என அஞ்சி வகுப்பில் வாய் மூடியிருக்கும் நம் வீட்டுப் பிள்ளைகள் பலரை நாம் கண்டிருக்கிறோம். பள்ளி வாயில் அடைக்கப்பட்டிருந்த தலைமுறைகளின் சுமை அவ்வச்சத்தில் உள்ளது. அதனைப் பிள்ளையின் அறிவுக்குறை என்பாருடன் நாம் உடன்படோம்.

பிராக்மேன் கேட்டவை சிறு ஐயங்களே. அவற்றுக்கு விடையாகப் புவான்காரே விரிவான குறிப்புகள் எழுதிச் சேர்த்தார். ஆனால் அவ்விளக்கங்களை எழுதும் முயற்சியில், இளைஞர் சுட்டாத வேறோர் இடத்தில், பெரும்பிழை ஒன்று அவர் கண்ணிலேயே பட்டது. ஒன்றோடொன்று பொருந்தி மூடிய பரப்பாகிவிடும் என்று அவர் எண்ணியிருந்த இரு பரப்புகள் உண்மையில் அவ்வாறு பொருந்துவதில்லை; ஒன்றையொன்று எண்ணிறந்த முறை வெட்டிச் சிக்குண்டு கிடந்தன. வரம்பு கட்டிய வேலியே இல்லை என்றாயிற்று.

1889 நவம்பர் இறுதியில், அச்சை நிறுத்துமாறு தந்தி பறந்தது. டிசம்பர் 1-ஆம் நாள் மிட்டாக் லெஃப்லருக்கு எழுதிய கடிதத்தில் புவான்காரே தம் பிழையையும் மனவருத்தத்தையும் ஒளிக்காது தெரிவித்தார். அச்சாகிச் சிலர் கைக்குச் சென்றிருந்த படிகளை மிட்டாக் லெஃப்லர் உண்மைக் காரணம் கூறாமலே திரும்பப் பெற்றார். ஏட்டின் மானம் காக்க அவர் அவ்வாறு செய்தார் எனலாம். நமக்கு அது உவப்பானதன்று. முதல் அச்சின் செலவான 3585 கிரவுனுக்கு மேற்பட்ட தொகையைப் புவான்காரே தாமே செலுத்தினார். பரிசுத்தொகையினும் அது ஆயிரம் கிரவுனுக்கு மேல் மிகுதி.

அவர் நேர்மையைப் போற்றும் நாம், அவர்க்கு வாய்த்திருந்த காப்பையும் மறத்தலாகாது. அவர் பிழை அவர் ஒருவரின் பிழையாகவே நின்றது. நம்மவர் ஒருவர் பிழைத்தால் அதனைச் சாதியின் பிழையாகவும் ஒதுக்கீட்டின் பிழையாகவும் பேசும் நாவுகளை நாம் அறிவோம். கணக்கில் நேர்ந்த பிழைக்குக் குலம் ஏது?

திருத்திய ஆய்வு 1890-இல் வெளிவந்தது. 158 பக்கங்களாக இருந்தது 270 பக்கங்களாக வளர்ந்திருந்தது. நுணுக்கமானதோர் இடத்தைச் சுட்டிக்காட்டி, பெரும்பிழையைக் கண்டு திருத்த வழிசெய்தவர் பிராக்மேன் என்று முன்னுரையிலேயே பெயர் குறித்து நன்றி கூறினார் புவான்காரே. பரப்புகள் சிக்குண்டு கிடந்த அப்பகுதியிலிருந்தே, தொடக்கத்தில் நேரும் மிகச் சிறு மாற்றமும் பின்னர்ப் பேரளவில் விரியும் இயக்கங்களைப் பற்றிய 20-ஆம் நூற்றாண்டின் ஆய்வுத்துறை தன் தோற்றத்தைக் கணக்கிடுகிறது.

பிராக்மேன் 1892-இல், புகழ்பெற்ற பெண் கணித அறிஞர் சோஃபியா கோவலெவ்ஸ்கயா மறைந்தபின் ஒழிந்திருந்த ஸ்டாக்ஹோம் பேராசிரியர் பதவியில் அமர்ந்தார். திரும்பப் பெறப்பட்ட படிகளுள் ஒன்று அழியாது எஞ்சி, ஸ்டாக்ஹோமை அடுத்த ஜூர்ஷோல்மில், மிட்டாக் லெஃப்லர் பெயரால் அமைந்த ஆய்வு நிறுவனத்தில் இருந்து ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்குப் பின் ஆய்வாளர் பார்வைக்கு வந்தது.