நாய் நல்லாத்தான் இருக்கு... அதன் குடலுக்குள் யார் இருக்கா? ஆன்டிபயாடிக்குக்கு அடங்காத பாக்டீரியா அலர்ட்!

ஞாயிற்றுக்கிழமை காலை. விழுப்புரத்திலோ திண்டிவனத்திலோ ஒரு கறிக்கடை. ஒரு கிலோ சிக்கன் வாங்கிட்டு, "நாய்க்கு கொஞ்சம் கால், தலை போடுங்கண்ணா" என்று இன்னொரு கவரையும் நீட்டுவீங்கதானே? சில வீடுகளில் அது வெந்து தட்டுக்கு வரும். சில வீடுகளில் அப்படியே பச்சையாக! நாயும் வாலாட்டிக்கிட்டே சாப்பிட்டுடும். சிக்கலே அங்கேதான் ஆரம்பிக்குது.

நோய் இல்லை... ஆனா சுமக்குது!

நம்ம குடலில் இருப்பதுபோலவே நாயின் குடலிலும் ஈ.கோலை பாக்டீரியா உண்டு. பெரும்பாலும் சாதுதான். ஆனால், சில ஈ.கோலை மட்டும் 'இ.எஸ்.பி.எல்' என்ற நொதிகளைச் சுரந்து பென்சிலின், செஃபலோஸ்போரின் வகை மருந்துகளை உடைத்துப் போட்டுவிடும். இது குடலில் இருந்தாலும் நாய் ஓடும், விளையாடும். பார்த்தால் தெரியவே தெரியாது.

எங்கிருந்து வருது?

முதல் வழி, மருந்து. ஆன்டிபயாடிக் கொடுக்கும்போது சாதுவான பாக்டீரியாக்கள் செத்து, மருந்தை எதிர்ப்பவை பிழைத்துப் பெருகும். அந்த எதிர்ப்பு மரபணுவைப் பக்கத்து பாக்டீரியாவுக்கும் கைமாற்றிவிடும். அமெரிக்காவில் 2016 முதல் 2018 வரை, நாய்க்குட்டிகள் மூலம் 118 பேருக்கு மருந்துக்கு அடங்காத கேம்பைலோபாக்டர் தொற்று வந்தது. விசாரித்த 149 குட்டிகளில் 142-க்கு ஆன்டிபயாடிக் கொடுக்கப்பட்டிருந்தது. அதில் பாதிக்கு மேல், நோயே இல்லாமல் 'முன்னெச்சரிக்கைக்கு'க் கொடுத்தது!

இரண்டாவது வழி, பச்சைக்கறி. இங்கிலாந்தின் பிரிஸ்டல் பல்கலைக்கழகம் 16 வாரக் குட்டிகள் 223-ஐ ஆராய்ந்ததில், பச்சைக்கறி சாப்பிட்ட குட்டிகளிடம்தான் எதிர்ப்பு ஈ.கோலை அதிகம் தென்பட்டது.

நமக்கென்ன?

நாயைக் கொஞ்சிய கை, அப்படியே சோற்றுக்குப் போகுதா? கிருமியும் கூடவே போகலாம். நாளைக்குப் பாட்டிக்கு யூரின் இன்ஃபெக்‌ஷன் வந்தால், மாத்திரையில் சரியாக வேண்டியது ஊசி, அட்மிஷன் வரை இழுக்கலாம். அதுக்காக நாயை மட்டும் குற்றம் சொல்லாதீங்க. நம்மிடமிருந்தும் அதற்குப் போகும். 'கடைசி ஆயுதம்' என்று சொல்லப்படும் கார்பாபெனெம் மருந்துகளையே முறியடிக்கும் என்.டி.எம்-1 கிருமிகளைச் சென்னை நோயாளிகளிடம் கண்டதாக, சென்னைப் பல்கலைக்கழகத்தின் கார்த்திகேயன் குமாரசாமி உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2010-லேயே எழுதினார்கள். கோழி, கால்நடைகளுக்கு கொலிஸ்டின் மருந்து தருவதை மத்திய அரசு 2019-ல் தடை செய்ததும் இந்த பயத்தில்தான்.

என்ன செய்யலாம்?

* கறி, கால், தலை எதுவானாலும் நன்றாக வேகவைத்து, ஆறவைத்துக் கொடுங்க. வெந்த எலும்பு உடைந்து குத்தும், எடுத்துடுங்க.

* பேதி என்றதும் வீட்டில் மிச்சமிருக்கும் மாத்திரையைக் கொடுக்காதீங்க. அட்டையில் சிவப்புக் கோடு இருந்தால், டாக்டர் சீட்டில்லாமல் தரவே கூடாதது என்று அர்த்தம்.

* கால்நடை டாக்டர் சொன்ன அளவு, சொன்ன நாள். பாதியில் நிறுத்தாதீங்க.

* கழிவை அள்ளியதும், தட்டைக் கழுவியதும் சோப்பு போட்டுக் கை கழுவுங்க.

* கைக்குழந்தை, முதியவர், கீமோ எடுப்பவர் முகத்தை நாய் நக்க விடாதீங்க.

இன்னொன்று... கிருமியைச் சுமக்கும் ஆரோக்கியமான நாய்க்கு, அதை விரட்ட ஆன்டிபயாடிக் தேவையில்லை. கொடுத்தால் எதிர்ப்புக் கிருமிதான் இன்னும் பெருகும். அடுத்த ஞாயிறும் அந்த இன்னொரு கவரை வாங்குங்க. ஆனா, நேரா அடுப்புக்குக் கொண்டுபோங்க!